ரீல்ஸ் அப்புறம், முதலில் சிம் யார் பெயரில் இருக்கிறது?

திண்டுக்கல் பக்கம் ஒரு சிறு ஊரில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வீட்டில் இட்லி மாவு அரைத்து ஒரு நாளைக்கு 30 பாக்கெட் வரை விற்கிறேன். பாக்கெட் 40 ரூபாய். தினமும் அஞ்சு பாக்கெட்டாவது மிஞ்சிப் புளித்துப்போகிறது. ஜிபே வீட்டுக்காரர் நம்பரில் இருக்கிறது. என்னிடம் ஒரு பழைய டச் போன் உண்டு, அதில்தான் மகனும் பாடம் பார்க்கிறான். எல்லாரும் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடு என்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது?"

ரீல்ஸ் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் மாவை வாங்குகிறவர்கள் நாலைந்து தெருவுக்குள் இருக்கிறார்கள், கோயம்புத்தூரில் ஒருவர் பார்த்து லைக் போட்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? உங்கள் கேள்வியிலேயே எனக்கு உறுத்திய இடம் வேறு. ஜிபே வீட்டுக்காரர் நம்பரில் இருக்கிறது என்றீர்களே, அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

இரவெல்லாம் ஊறப்போட்டு, விடியற்காலையில் கிரைண்டரோடு நின்று நீங்கள் சம்பாதிக்கிற காசு, ஸ்கேன் செய்த அந்த நொடியே இன்னொருவர் கணக்குக்குப் போய்விடுகிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுச் செலவும் வியாபாரக் காசும் ஒன்றாகக் கலந்துவிட்டால், அடுத்த மூட்டை அரிசிக்கு ஒதுக்கியது எது, பால்காரருக்குக் கொடுத்தது எது என்று யாருக்கும் தெரியாது. நான் பழகிய குழுப் பெண்களில் ஒருவர், மூன்று வருஷம் நன்றாகப் பலகாரம் விற்றவர், கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது அவருடைய பாஸ்புக்கில் ஒரு வரவுகூட இல்லை. எல்லாம் கணவர் கணக்கில் இருந்தது. அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்பது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இது நம் ஊர் சங்கதி மட்டும் இல்லை. உகாண்டாவில் சிறுகடன் வாங்கிய சுமார் 3,000 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. சிலருக்குக் கடனை ரொக்கமாகக் கையில் கொடுத்தார்கள், சிலருக்கு அவர்களுக்கென்றே தனியாகத் தொடங்கிய போன் பணக் கணக்கில் போட்டார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், போனில் வாங்கியவர்களின் லாபம் சுமார் 15 சதவீதம் கூடுதல். அதிலும் வீட்டில் "கொஞ்சம் கொடு, கொஞ்சம் கொடு" என்ற நெருக்கடி உள்ள பெண்களுக்குத்தான் பலன் அதிகம். காசு கண்ணில் படாத இடத்தில், தன் பெயரில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்துகிற சொந்த போன் வைத்திருக்கும் பெண்கள் சுமார் 54 சதவீதம்தான். உங்களிடம் போன் இருக்கிறது, அதுவே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

சரி, செய்ய வேண்டியது இது. உங்கள் ஆதாரைக் கொடுத்து உங்கள் பெயரிலேயே ஒரு சிம் வாங்குங்கள். அப்புறம் உங்கள் சேமிப்புக் கணக்கில் எந்த நம்பர் இருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள். பெரும்பாலும் மகன் நம்பரோ கணவர் நம்பரோதான் இருக்கும், பாஸ்புக்கும் ஆதாரும் கொண்டுபோய் எழுதிக்கொடுத்தால் மாற்றித் தருவார்கள். வங்கியில் பதிந்த நம்பரின் சிம் அந்த போனிலேயே இருந்தால்தான் யுபிஐ, அதாவது ஜிபே மாதிரி போனில் காசு வாங்குகிற வசதி, தொடங்க முடியும், அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். யுபிஐ தொடங்கியதும் உங்கள் கணக்குக்கான க்யூஆர் அட்டையை மாவு வைக்கிற மேஜையில் ஒட்டிவிடுங்கள். வீட்டுக்காரரிடம் மறைக்கவும் வேண்டாம், "லோன் கேட்கக் கணக்கு என் பெயரில் வேண்டும்" என்று நேராகவே சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

அடுத்து மிஞ்சுகிற மாவு. தினம் 5 பாக்கெட் என்றால் 200 ரூபாய், மாதம் 6,000. புது வாடிக்கையாளரைத் தேடுவதைவிட இதை நிறுத்துவது சுலபம். வியாபாரம் செய்கிறவர்களுக்கென்று உள்ள வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம், புது நம்பரில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய வாட்ஸ்அப்பும் பழைய நம்பரில் அதே போனில் ஓடும். வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் உங்கள் நம்பரை சேவ் பண்ணச் சொல்லுங்கள், இது முக்கியம், ஏனென்றால் உங்கள் நம்பரை சேவ் பண்ணாதவர்களுக்கு நீங்கள் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் (ஒரே செய்தி பலருக்கும் தனித்தனியாகப் போகிற வசதி) அனுப்புவது போய்ச் சேராது. தினமும் சாயங்காலம் ஒரே ஒரு செய்தி: "நாளைக்கு எத்தனை பாக்கெட்? 9 மணிக்குள் சொல்லிவிடுங்கள்." டைப் பண்ணக் கஷ்டமாக இருந்தால் குரலில் பேசி அனுப்புங்கள், தெரிந்த குரல் என்றால் ஆட்கள் இன்னும் சீக்கிரம் பதில் சொல்வார்கள். வந்த ஆர்டரோடு நாலு பாக்கெட் மட்டும் கூடச் சேர்த்து அரிசி ஊறப்போடுங்கள். குரூப் ஆரம்பிக்காதீர்கள், அங்கே குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் உங்கள் ஆர்டர் காணாமல் போகும்.

கடன் சொல்லி வாங்குகிறவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் "பாக்கி" என்று ஒரு லேபிள் போட்டு வையுங்கள். கணக்கு நோட்டு எழுதுகிற பழக்கம் இருந்தால் அதை ஆப்புக்காக விட வேண்டாம், இரவில் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

இப்போது நான் ரொம்பப் பயப்படுகிற விஷயம். காசு வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்புவதற்கு மட்டும்தான். "50 பாக்கெட் வேண்டும், அட்வான்ஸ் போடுகிறேன், பின்னைப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினால் அதை நம்பாமல் உங்கள் கணக்கில் வந்ததா என்று பாருங்கள். காசு போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மகனும் எடுக்கிற போன் என்பதால் பின் நம்பரை அவனிடமும் சொல்லாதீர்கள்.

ஆறு மாதம் உங்கள் கணக்கில் வரவு ஓடட்டும். அந்த ஸ்டேட்மென்டோடு வங்கிக்குப் போய், சிறுதொழிலுக்கான அரசின் முத்ரா திட்டத்தில் சிசு என்ற சிறிய கடனைக் கேளுங்கள், 50,000 ரூபாய் வரை அதில் உண்டு, பெரிய கிரைண்டர் வாங்கலாம். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். உணவுப் பொருள் விற்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும், அதையும் போனிலேயே விண்ணப்பிக்கலாம். அந்தப் பதிவில் கிடைக்கும் 14 இலக்க எண் பாக்கெட்டில் இருந்தால், தெருமுனை மளிகைக்கடைக்காரரிடம் "உங்கள் கடையிலும் வைக்கிறீர்களா அண்ணா" என்று கேட்பதும் சுலபம்.

இடையில் "ஐந்தே நிமிடத்தில் கடன்" என்று வருகிற ஆப்களைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் போனில் உள்ள நம்பர்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, ஒரு தவணை தவறினால் உங்கள் வாடிக்கையாளர்களுக்கே போன் போட்டு அசிங்கப்படுத்துகிற கும்பல்கள் அதில் இருக்கின்றன.