வாசல் தாண்டினால் தும்மல் வருவது ஏன்?

வெயிலில் கால் வைத்ததுமே எனக்கு இரண்டு மூன்று தும்மல் வந்துவிடும். கிளம்பும்போது அபசகுனம் என்று மாமியார் திரும்ப உட்காரவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். இப்போது மகனும் தும்முகிறான். இது நோயா? (மேலூர் வாசகி)

நோயும் இல்லை, சகுனமும் இல்லை அம்மா. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த வெயில் தும்மல் உண்டு. நிழலிலிருந்து பளீரென்ற வெளிச்சத்துக்கு வரும் அந்த நொடிதான் இதைத் தூண்டுகிறது. வீட்டு வாசல் அப்படிப்பட்ட இடம்தானே? அதனால்தான் 'கிளம்பும்போது' தும்மல் வருகிறது. இதற்காக ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்குவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

சூரியனின் சூடுதான் காரணம் என்று நினைத்தார் அரிஸ்டாட்டில். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் பேகன், கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் நின்றால் தும்மல் வருவதில்லை என்று கவனித்துச் சொன்னார். அதாவது, தூண்டுவது கண்ணுக்குள் போகும் வெளிச்சம். பார்வை நரம்பின் துடிப்பு, மூக்கின் உணர்வைச் சுமக்கும் ட்ரைஜெமினல் நரம்பையும் சேர்த்து உசுப்பிவிடுகிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்பு. மகன் உங்களைக் கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

மீனாட்சியம்மன் கோயில் பிரகாரத்திலிருந்து சித்திரை வீதிக்கு வரும்போது தும்மினால் ஒன்றும் ஆகிவிடாது. வண்டி ஓட்டும்போதுதான் கவனம் வேண்டும். ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே தள்ளி, தும்மி முடித்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். வெளியே வருமுன்பே கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்வதும் உதவும்.

கல்யாணப் பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டால் அடுக்கடுக்காகத் தும்முகிறேன். (திருமங்கலம்)

இதுவும் சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதுதான். என்ன சாப்பிட்டீர்கள் என்பதைவிட, இரைப்பை நிறைந்து விரிவதே காரணம். கொஞ்சம் பசி மிச்சமிருக்கும்போதே எழுந்துவிடுங்கள். ஆனால் குறிப்பிட்ட ஒரு பதார்த்தத்துக்கு மட்டும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது அலர்ஜி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்கிறேன். மல்லிகை மூட்டையைப் பிரித்தாலே தும்மலும் மூக்கொழுகலும். அலர்ஜி டெஸ்டில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

டெஸ்ட் சரியாகத்தான் இருக்கும். அலர்ஜி இல்லாமலேயே சிலருக்கு மூக்கின் உள்தோல் நரம்புகள் அதிகக் கூர்மையாக இருக்கும். கடும் வாசனை, புகை, திடீர்க் குளிர்காற்று எதுவானாலும் தண்ணீர் கொட்டும். மதுரை மல்லி மணத்துக்குப் பேர்போனது. மூட்டைக்கு மூட்டை அதை முகத்தருகே பிரித்தால் மூக்கு என்ன செய்யும்? காற்றோட்டமான பக்கம் கடையை மாற்ற முடியுமா பாருங்கள். கொதித்து ஆறிய நீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவலாம். இதற்கென ஸ்ப்ரேக்கள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கும் மூக்கடைப்பு சொட்டு மருந்தை மட்டும் நாள்கணக்கில் போடாதீர்கள். அதுவே புதிதாக மூக்கை அடைத்துவிடும்.

ஜிகர்தண்டாவை வேகமாகக் குடித்தால் நெற்றி தெறிக்கிறது. மூளைக்கு ஆபத்தா?

இல்லை. மேலண்ணம் சட்டென்று குளிர்ந்து, ரத்தக்குழாய்கள் சுருங்கி விரிகின்றன. அந்த வலி நெற்றியில் இருப்பதாகத் தோன்றுகிறது. சில நிமிடங்களுக்குள் போய்விடும். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திவைத்தால் குறையும். அப்புறம், மெதுவாகக் குடியுங்கள்.

கோழி இறகால் காது குடைந்தால் இருமல் வருகிறது. (உசிலம்பட்டி)

தொண்டைக்கும் நுரையீரலுக்கும் போகும் வேகஸ் நரம்பின் ஒரு சிறு கிளை காதுக்குழாயிலும் ஓடுகிறது. அதைத் தொட்டால் சிலருக்கு இருமல் வரும். காதில் இறுகிய அழுக்கோ முடியோ கூட இதைத் தூண்டும். நெஞ்சு எக்ஸ்ரே நன்றாக இருந்தும் மாதக்கணக்கில் வறட்டு இருமல் விடவில்லையென்றால், காதையும் பார்க்கச் சொல்லுங்கள். இறகு, ஹேர்பின், பட்ஸ் எதுவும் வேண்டாம். அழுக்கை உள்ளே தள்ளத்தான் அவை உதவும்.