ஹாப் அடுப்பு வாங்கப் போகிறீர்களா? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மேடையில் வெட்டிப் பதிக்கிற ஹாப் அடுப்பைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். சிம்னிக் கதை தனி, அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

காட்பாடி: அண்ணா, கிரானைட் வெட்டுகிற ஆள் நாளைக்கு வருகிறார். ஹாப் இன்னும் வாங்கவில்லை. பொதுவான அளவில் வெட்டிவிடச் சொல்லலாமா?

வேண்டாம்மா. அவரை நாலு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். பொதுவான அளவு என்று ஒன்று கிடையாது. மேலே தெரிகிற கண்ணாடி 60 செ.மீ. என்றாலும், கீழே இறங்குகிற பெட்டி மாடலுக்கு மாடல் மாறும். சின்னதாக வெட்டினால் இன்னும் கொஞ்சம் அறுத்துக்கொள்ளலாம். பெரிதாகிவிட்டால் கல்லையே மாற்ற வேண்டியதுதான். அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவைக் குறிக்கட்டும். மூலைகளைக் கொஞ்சம் வளைத்து வெட்டச் சொல்லுங்கள், கல்லில் விரிசல் மூலையிலிருந்துதான் கிளம்பும்.

அணைக்கட்டு: எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் கேழ்வரகுக் களிதான். கண்ணாடி ஹாப் அதைத் தாங்குமா?

கடைக்காரர் யாரும் சொல்லித்தராத விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடி எடையைத் தாங்கும். சிக்கல் எடையில் இல்லை, கிண்டுவதில்தான். நொய் வெந்து, மாவைக் கொட்டி, களிக்கோலை அழுத்திச் சுழற்றும்போது சட்டி பக்கவாட்டில் தள்ளப்படும். சட்டியைத் தாங்குகிற ஸ்டாண்டு மெல்லிய கம்பியாக இருந்தால் சட்டியோடு அதுவும் நகரும். கனமான வார்ப்பிரும்பு ஸ்டாண்டு, அடியில் ரப்பர் கால், பள்ளத்தில் அசையாமல் உட்காரும் அமைப்பு, இந்த மூன்றையும் பாருங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் களிச்சட்டியையே எடுத்துப் போய், வைத்து, ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஹாப்பில் ஒரு நல்லதும் உண்டு. சாதாரண அடுப்பு மேடைக்கு மேல் இன்னும் சில அங்குலம் ஏறி நிற்கும். ஹாப் தாழ்ந்திருப்பதால் கோலை மேலிருந்து அழுத்தலாம், தோள் வலிக்காது. ஆனால் பத்துப் பேருக்குக் களி என்றால், மாவு வெந்ததும் இறக்கித் தரையில் வைத்துக் கிண்டுங்கள். எந்தக் கம்பெனி ஹாப்பும் அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

சத்துவாச்சாரி: மூன்று பர்னரா, நாலு பர்னரா?

60 செ.மீ. என்றால் மூன்று போதும். நாலு வாங்கினால் குக்கரும் தோசைக்கல்லும் இடித்துக்கொள்ளும். பர்னர் பித்தளையா என்று கையில் எடுத்துப் பாருங்கள், கனத்திலேயே தெரிந்துவிடும்.

ராணிப்பேட்டை: தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்கும் மாடலுக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். தேவையா? கரண்ட் போனால் வேலை செய்யுமா?

கட்டாயம் தேவை. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் ஃபேன் இல்லாமல் யாரால் சமைக்க முடியும்? சிம்மில் பால் வைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் தீ அணைந்தது தெரியாது, கேஸ் போய்க்கொண்டே இருக்கும். இந்த மாடலில் பர்னர் ஓரம் ஒரு சின்னக் கம்பி முனை நிற்கும். தீயின் சூட்டில் அதுவே துளி மின்சாரம் உண்டாக்கி வால்வைத் திறந்து வைத்திருக்கும். சூடு போனால் சற்று நேரத்தில் வால்வு மூடிக்கொள்ளும். அதனால் கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பற்ற வைத்ததும் சில நொடி குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். தானாகப் பற்றுகிற வசதி மட்டும் கரண்டில் ஓடுகிறதா, பேட்டரியிலா என்று கேளுங்கள். நான் பேட்டரியைத்தான் சொல்வேன். எதற்கும் லைட்டர் ஒன்று இருக்கட்டும்.

குடியாத்தம்: ஹாப் போட்டபோது நீலமாக எரிந்தது. கீழே டிராயர் போட்ட பிறகு மஞ்சளாக எரிந்து பாத்திரமெல்லாம் கரி.

காற்றுக்கு வழியில்லை. பல ஹாப்கள் எரிவதற்கான காற்றைக் கீழே அலமாரிக்குள்ளிருந்துதான் இழுக்கும். டிராயரை வெளியே எடுத்துவிட்டு ஒருமுறை எரித்துப் பாருங்கள். நீலம் திரும்பினால் சந்தேகமே இல்லை, கதவில் காற்று நுழைய ஓட்டைகள் உள்ள ஜாலி வைத்துவிடுங்கள். திரும்பாவிட்டால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சிலிண்டரும் அதே அலமாரியில்தான் என்றால் தரையை ஒட்டியும் திறப்பு வேண்டும், கசிகிற கேஸ் காற்றைவிடக் கனம், கீழேயே தங்கும். வாடை வந்தால் 1906க்குக் கூப்பிடுங்கள். ஆரஞ்சு டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஆம்பூர்: பெருநாளுக்கு அண்டா பிரியாணி இதில் போடலாமா?

அண்டாவுக்குத் தனி அடுப்பு, அதுவும் வெளியில். பர்னரைத் தாண்டி விரியும் பாத்திரம் சூட்டைக் கீழே திருப்பும், கண்ணாடி வெடிக்கலாம். இரண்டு கிலோ சீரக சம்பாவைக்கூட இதில் தம் போட வேண்டாம்.

வேலப்பாடி: நாளைக்குக் குழாய் கேஸ் வந்தால் இந்த அடுப்பு வீணா?

வீணாகாது. குழாய் கேஸில் சூடு குறைவு, அதனால் பர்னருக்குக் கேஸ் விடும் சின்ன முனையான ஜெட்டின் துளை பெரிதாக இருக்க வேண்டும். அந்த மாடலுக்கு ஜெட் கிடைக்குமா, மாற்றித்தர வேலூரில் ஆள் இருக்கிறாரா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.