நாலு மணிக்கு இரண்டு கட்டம்

கேள்வி: எனக்கு வயது 52. பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு. ஊடுபயிராகக் கோகோ போட்டிருக்கிறோம். இத்தனை வருடமாகக் கொட்டையைப் புளிக்க வைத்து, காயவைத்து விற்கிறோமே தவிர, டார்க் சாக்லேட்டை நான் வாயில் வைத்தது கிடையாது. சின்ன மகளும் கல்யாணமாகிப் போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சாயங்காலம் நாலு மணியானால் மனசு கனக்கிறது. “மூட் நல்லாகும், சாப்பிடும்மா” என்று மகள் 85 சதவீதம் கோகோ உள்ள சாக்லேட் வாங்கி அனுப்பினாள். கஷாயம் மாதிரி கசந்தாலும், தினம் இரண்டு கட்டம் சாப்பிட்டால் கொஞ்சம் தேவலை போல் இருக்கிறது. ஒரு துண்டு எங்கள் நாய்க்கும் போடுவேன். இது நிஜமா, என் கற்பனையா? சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறேன்.
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: முதலில் நாய். அதற்குச் சாக்லேட் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், சகோதரி. கோகோவில் உள்ள தியோப்ரோமின் என்ற பொருளை நம் உடல் வேகமாகவே கழித்துவிடும். நாயின் உடலுக்கு அந்த வேகம் கிடையாது. வாந்தி, படபடப்பு என்று தொடங்கி வலிப்பு வரை போய்விடும். சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. உங்களுடையது 85 சதவீதம்.

இனி உங்கள் மனசு. தேவலை போல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது கற்பனை இல்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பலரும் தப்பாகச் சொல்கிறார்கள். ‘காதல் ரசாயனம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஃபினைல்எத்திலமின் சாக்லேட்டில் உண்டுதான். மூளைக்குப் போய்ச் சேருமுன்பே உடம்பின் நொதிகள் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். மூளைக்கு இதம் தரும் ஆனந்தமைடு என்ற பொருள் சாக்லேட்டில் இருப்பதை 1996-இல் அறிவித்தார்கள். பெயரிலேயே நம் ‘ஆனந்தம்’ இருக்கிறது, ஆனால் அளவு துளியூண்டு.

எனக்குப் பிடித்த ஆய்வு 1994-இல் அமெரிக்காவில் வெளியானது. சாக்லேட் ஏக்கம் உள்ளவர்களுக்குக் கோகோவை கேப்சூலில் அடைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏக்கம் தணியவில்லை. கோகோத் தூளே சேராத வெள்ளை சாக்லேட்டைக் கொடுத்தபோது ஓரளவு தணிந்தது. அப்படியானால் பெரும்பாலான வேலையைச் செய்வது நாக்கும் மூக்கும்தான்.

கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும்; வாயின் சூடு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அடுத்தமுறை கடிக்காமல் நாக்கின்மேல் விட்டுப் பாருங்கள். முதலில் ஓரம் வழுக்கும், பிறகு கசப்பு இறங்கும், கடைசியில் லேசான பழப்புளிப்பு எட்டிப் பார்க்கும். அந்தப் புளிப்பு உங்களுக்குப் பழகியதுதான். புளிக்க வைத்த கொட்டையைக் கிளறும்போது மூக்கில் ஏறுமே, அதன் மிச்சம்.

ஆனால் அந்தச் சுகம் நிற்காது. ஜெர்மனியில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், சோகமான படக்காட்சி பார்த்தவர்களுக்கு ஒரு துண்டு நல்ல சாக்லேட் கொடுத்தார்கள். மனம் உடனே லேசானது. 3 நிமிடத்தில் அந்த வித்தியாசம் போய்விட்டது. 2019-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 13,626 அமெரிக்கர்களின் விவரங்களை அலசினார்கள். டார்க் சாக்லேட் சாப்பிட்டதாகச் சொன்னவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகளுக்கான வாய்ப்பு 70 சதவீதம் குறைவு என்று தெரிந்ததும் செய்தி உலகமெல்லாம் பரவியது. மனம் சோர்ந்தவருக்கு ருசியான பண்டத்தின்மேல் ஆசையே விட்டுப்போகும் என்பதால், காரணம் எது, விளைவு எது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தென்கொரியாவில் 3 வாரம் தினமும் 30 கிராம் 85 சதவீத சாக்லேட் சாப்பிட்டவர்களுக்கு எதிர்மறை உணர்வுகள் குறைந்ததாக 2022-இல் எழுதினார்கள். நல்ல செய்திதான்; ஆனால் மொத்தம் 50 பேர்கூட அதில் இல்லை.

என் அப்பா காலமான வருடம், ராத்திரி எல்லோரும் தூங்கியபின் சமையலறை விளக்கைப் போடாமல், ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி நான் ஒரு பாரை முழுசாகத் தின்றிருக்கிறேன். கையில் வெறும் காகிதம் மிஞ்சும்போது துக்கம் அப்படியே இருக்கும், தூக்கம் மட்டும் போயிருக்கும். அக்காவுக்குப் போன் போட்டு அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகுதான் நான் தேறினேன். அதனால்தான் உங்கள் கடிதத்தில் சாக்லேட்டைவிட ‘நாலு மணி’ என்ற வார்த்தை என்னை உலுக்கியது.

இரண்டு கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு கட்டம் 10 கிராம் என்றால், இரண்டில் சுமார் 120 கலோரி, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான சர்க்கரை. அளவு மீறாதவரை சமாளிக்கலாம். காலை மருந்துக் கணக்கோடு உங்கள் டாக்டரிடம் இதையும் சொல்லிவிடுங்கள். கோகோவால் பிரஷர் சராசரியாக 2 புள்ளிகூடக் குறைவதில்லை, மாத்திரையில் கைவைக்க வேண்டாம். தினம் ஒரே பிராண்டும் வேண்டாம். 2022-இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் இருந்தன.

மனக்கனம் நாளின் பெரும்பகுதி நீடித்து, இரண்டு வாரத்தைத் தாண்டி, தூக்கமும் பசியும் கெட்டு, தோப்புப் பக்கம் போகவே பிடிக்கவில்லை என்றால் அது சாக்லேட்டுக்கு அடங்காது. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பாருங்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது உண்டு, அதுவும் மனதை அழுத்தும். மாதவிடாய் நிற்கும் வயது என்பதையும் டாக்டரிடம் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மகளிடம் நாலு மணிக்கே கூப்பிடச் சொல்லுங்கள். வீடியோவில் அவளும் ஒரு கட்டம் வாயில் போட்டுக்கொள்ளட்டும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், காத்திருப்பேன்.