"திருட என்ன இருக்கிறது நம்ம தளத்தில்?"

கேள்வி: கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வியாபாரம் செய்கிறேன். நாலு வருடத்துக்கு முன் வேர்ட்பிரஸ்ஸில் கடைக்கு ஒரு தளம் போட்டோம். மொத்த விலைக்குக் கேட்பவர்கள் அதிலுள்ள படிவத்தில் எழுதி அனுப்புவார்கள். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். தளத்தில் பணம் வாங்குவதில்லை. போன வாரம் ஹோஸ்டிங் கம்பெனியிடமிருந்து ஒரு மின்னஞ்சல். படிவ ப்ளகினில் (வேர்ட்பிரஸ்ஸோடு சேர்க்கும் துணை நிரல்) 'ஸ்டோர்டு கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங்' ஓட்டை, தாக்க லாகின் தேவையில்லை, தீவிரம் பத்துக்கு 7.2, திருத்திய பதிப்பு வந்துவிட்டது என்கிறார்கள். விலைப்பட்டியல் காட்டும் இன்னொரு ப்ளகினிலும் அதே வகை ஓட்டை. அதற்குக் கான்ட்ரிபியூட்டர் கணக்கு (கட்டுரை எழுதிப் பரிசீலனைக்கு அனுப்ப மட்டும் முடிகிற கணக்கு) வேண்டுமாம், தீவிரம் 6.4, திருத்தம் இல்லை. தளம் செய்து கொடுத்த தம்பியோ "அப்டேட் பண்ணினால் டிசைன் கலைந்துவிடும் அண்ணாச்சி, நம்ம தளத்தில் திருட என்ன இருக்கிறது?" என்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: விட முடியாது. படிவ ப்ளகினை இன்றே சரிசெய்யுங்கள். விலைப்பட்டியல் ப்ளகினை இந்த வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒன்று: இதைப் படித்து முடிக்கும்வரை அட்மினாக லாகின் செய்து, படிவத்தில் வந்த பதிவுகளைத் திறந்து பார்க்காதீர்கள். ஆபத்தே அந்தப் பக்கத்தில்தான் காத்திருக்கிறது.

ஊர்க் கொடையில் மைக் பிடித்து நன்கொடைச் சீட்டு வாசிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்திலிருந்து சீட்டு வரும், அவர் வாசிப்பார்: "மேலத்தெரு இன்னார், 501 ரூபாய்." ஒரு குறும்பன் சீட்டில் இப்படி எழுதிக் கொடுக்கிறான்: "கீழத்தெரு இன்னார், 501 ரூபாய். ஜெனரேட்டர்காரர் உடனே லைட்டை அணைக்கவும்." வாசிப்பவர் யோசிக்காமல் முழுதையும் வாசித்துவிட்டார். ஜெனரேட்டர்காரருக்கு இது சீட்டிலிருந்து வந்ததா, கமிட்டி சொன்னதா என்று எப்படித் தெரியும்? மைக்கில் வந்தால் கமிட்டி சொன்னதுதான். அணைத்துவிட்டார்.

உங்கள் ப்ளகின்தான் அந்த வாசிப்பவர். ஜெனரேட்டர்காரர் உங்கள் ப்ரவுசர். படிவத்தில் யாரோ பெயர் எழுதும் இடத்தில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டை (ப்ரவுசர் ஓட்டும் நிரல்) எழுதி அனுப்புகிறார். ப்ளகின் அதை டேட்டாபேஸில் சேமித்து வைக்கிறது, அதனால்தான் 'ஸ்டோர்டு'. நீங்கள் மறுநாள் காலை கடையைத் திறந்து, டீயைக் குடித்துக்கொண்டே புதிதாக யார் விலை கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறீர்கள். ப்ளகின் அந்தத் துண்டை அப்படியே பக்கத்தில் கொட்டுகிறது. நம் தளத்திலிருந்து வந்ததுதானே என்று ப்ரவுசர் அதை ஓட்டிவிடுகிறது.

ஓடியதும் என்ன நடக்கும்? குக்கீயை, அதாவது நீங்கள் லாகின் ஆனதற்கு ப்ரவுசர் வைத்திருக்கும் அடையாளச் சீட்டை, திருடுவார்கள் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். வேர்ட்பிரஸ் தன் லாகின் குக்கீயை ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி பூட்டித்தான் வைத்திருக்கிறது. ஆனால் அட்மினாக லாகின் ஆன ப்ரவுசருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவனுக்குக் குக்கீ எதற்கு? 'புதிய பயனர் சேர்' பக்கத்தைப் பின்னணியில் திறக்கிறான். அதில் மறைவாக இருக்கும் பாதுகாப்புச் சாவியைப் படிக்கிறான். புதிதாக ஒரு அட்மின் கணக்கை உருவாக்கிச் சமர்ப்பிக்கிறான். ஒன்றிரண்டு நொடி வேலை. திரையில் எதுவும் அசையாது. சர்வரைப் பொறுத்தவரை அதைச் செய்தது நீங்கள்தான்.

இது கற்பனை இல்லை. லைட்ஸ்பீடு கேஷ் என்ற ப்ளகின் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருப்பது. அதில் இதே மாதிரி லாகின் தேவைப்படாத ஓட்டை ஒன்று 2023 அக்டோபரில் 5.7.0.1 பதிப்பில் அடைக்கப்பட்டது. 2024 ஏப்ரல், மே வாக்கில், அதுவரை அப்டேட் செய்யாத தளங்களைத் தேடித்தேடி அடித்தார்கள். பல தளங்களில் 'டபிள்யூபிசப்-யூசர்' என்ற பெயரில் ஒரு அட்மின் முளைத்திருந்தார். ஏதோ சப்போர்ட் ஆள் போலிருக்கிறது என்று பார்ப்பவர் கடந்துபோக வேண்டும் என்று வைத்த பெயர். திருத்தம் வந்து அரை வருடம் ஆகியிருந்தது என்பதைக் கவனியுங்கள். "டிசைன் கலைந்துவிடும்" என்று விட்டவர்களும் அதில் மாட்டியிருப்பார்கள்.

அதே 2024-இல் டபிள்யூபி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ப்ளகினிலும் இப்படி ஒன்று. அங்கே படிவம்கூடத் தேவைப்படவில்லை. தளத்தின் முகவரியின் வாலில் துண்டை ஒட்டி அனுப்பினால், வருகைக் கணக்கு வைக்கும் ப்ளகின் அதையும் கர்மசிரத்தையாகக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு பக்கத்தில் காட்டியது.

சரி, "திருட என்ன இருக்கிறது" என்ற தம்பியின் கேள்விக்கு வருவோம். திருட வருபவருக்கு உங்கள் கல்லாப்பெட்டி வேண்டாம், கடை வாசல் போதும். பலாடா இன்ஜெக்டர் என்று ஒரு தாக்குதல் தொடர். 2017-இலிருந்து ஓடுகிறது, வேர்ட்பிரஸ் ப்ளகின் ஓட்டைகள்தான் அதன் சாப்பாடு. 2023 டிசம்பரில் பாப்அப் பில்டர் என்ற ப்ளகினின் எக்ஸ்எஸ்எஸ் (கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங்கின் சுருக்கம்) ஓட்டை வழியாகவும் அது புகுந்தது. அது செய்வதெல்லாம், தளத்துக்கு வருபவர்களைப் போலி லாட்டரிப் பரிசு, போலி கம்ப்யூட்டர் சப்போர்ட் பக்கங்களுக்குத் திருப்பிவிடுவது. மிட்டாய் விலை பார்க்க வந்த வாடிக்கையாளர் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்ற பக்கத்தில் போய் நிற்பார். கூகுள் அதைக் கண்டுபிடித்தால் க்ரோமில் உங்கள் தளத்தின் மேல் சிவப்புப் பலகை விழும். அதை எடுக்க வைப்பது தனி அலைச்சல்.

இப்போது வேலைக்கு வருவோம். வரிசை முக்கியம்.

முதலில் பேக்கப். ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டையும் ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலிலிருந்தே எடுங்கள். வேர்ட்பிரஸ்ஸுக்குள் போக வேண்டாம். தளம் ஏற்கெனவே கெட்டிருந்தாலும் இந்த நகல் வேண்டும், என்ன நடந்தது என்று பின்னால் பார்க்க உதவும்.

அடுத்து, அதே பேனலில், டேட்டாபேஸை நேரடியாகக் காட்டும் பிஹெச்பிமைஅட்மினைத் திறந்து, படிவப் பதிவுகள் இருக்கும் டேபிளில் 'ஸ்கிரிப்ட்', 'ஆன்எரர்', 'ஆன்லோட்' ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். இங்கே எல்லாம் வெறும் எழுத்தாகத்தான் தெரியும், ஓடாது. விலை கேட்கும் மளிகைக்கடைக்காரர் இந்தச் சொற்களை எழுத மாட்டார். கண்ணில் பட்டால் அந்தப் பதிவின் தேதியைக் குறித்துக்கொண்டு, பதிவை நீக்குங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு நீங்கள் பதிவுகள் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால், உள்ளே ஆள் வந்தாயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் அப்டேட்டுக்கு முன்பே செய்யச் சொல்கிறேன்? ப்ளகின் எழுதியவர்கள் ஓட்டையை இரண்டு விதமாக அடைப்பார்கள். காட்டும்போது, ஸ்கிரிப்டை ஓடவைக்கும் குறிகளைச் செயலிழக்கச் செய்வது ஒன்று. அப்படிச் செய்திருந்தால் பழைய விஷமும் திரையில் வெறும் எழுத்தாகி நிற்கும். புதிதாக வருவதை மட்டும் வாசலில் வடிகட்டுவது இன்னொன்று. அப்படியானால் ஏற்கெனவே உள்ளே சேமித்த விஷம் அப்படியேதான் இருக்கும். அப்டேட் செய்த தெம்பில் நீங்கள் பக்கத்தைத் திறப்பீர்கள், அது அன்றைக்கு ஓடும். ஒரு நண்பரின் தளத்தைச் சுத்தம் செய்யப் போய், "என்ன வந்திருக்கிறது பார்ப்போம்" என்று அவருடைய அட்மின் கணக்கிலேயே பதிவுகளைத் திறந்த புத்திசாலி நான். அன்று மாலை பயனர் பட்டியலில் ஒருவர் அதிகம் இருந்தார்.

பிறகு படிவ ப்ளகினை அப்டேட் செய்யுங்கள். டிசைன் கலையும் என்ற பயம் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் வரும்: தளம் செய்தவர் ப்ளகினின் சொந்த ஃபைலுக்குள்ளேயே கைவைத்து நிறத்தையும் அளவையும் மாற்றியிருப்பார். அப்டேட் வந்தால் அந்த மாற்றம் அழிந்துபோகும். அது உண்மைதான். ஆனால் அந்த மாற்றங்களைத் தீமின் 'கூடுதல் சிஎஸ்எஸ்' பகுதிக்கு ஒருமுறை மாற்றி எழுதிவிட்டால் அப்புறம் எந்த அப்டேட்டும் அதைத் தொடாது. அரை நாள் வேலை. தம்பியிடம் அதற்குக் கூலி கொடுங்கள், தயங்காமல் செய்வார்.

அடுத்து ஆள் கணக்கு. டேஷ்போர்டில் அட்மின்கள் யார் யார் என்று பாருங்கள். அது மட்டும் போதாது, தன்னைப் பட்டியலிலிருந்து மறைத்துக்கொள்ளும் கணக்குகளும் உண்டு. டேட்டாபேஸில் பயனர் டேபிளைத் திறந்து எண்ணிக்கையை ஒத்துப் பாருங்கள். உங்கள் ப்ரொஃபைல் பக்கத்தின் அடியில் 'அப்ளிகேஷன் பாஸ்வேர்ட்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். வேர்ட்பிரஸ் 5.6-இல் வந்தது, பலர் அதைக் கவனித்ததே இல்லை. நீங்கள் உருவாக்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. பிறகு ப்ளகின் ஃபோல்டரையும், அதன் பக்கத்தில் 'எம்யூ-ப்ளகின்ஸ்' என்ற ஃபோல்டர் இருந்தால் அதையும் பாருங்கள். அதற்குள் போடப்பட்டது தானாக ஓடும், சாதாரண ப்ளகின் பட்டியலில் காட்டாது. ஹோஸ்டிங் கம்பெனிகள் சில நியாயமாகவே அதில் ஃபைல் வைப்பார்கள். எதையும் அழிக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, கான்ஃபிக் ஃபைலில் உள்ள 'சால்ட்' வரிகளை (லாகின் குக்கீகளுக்கான ரகசியச் சாவிகள்) புதிதாக்குங்கள். அதைச் செய்த நொடியில் லாகின் ஆகியிருக்கும் அத்தனை பேரும், நீங்கள் உள்பட, வெளியே தள்ளப்படுவார்கள்.

இரண்டாவது ப்ளகின். 6.4 என்றால் பொதுவாக இப்படி: கான்ட்ரிபியூட்டர் நிலையில் கணக்கு வைத்திருப்பவர், ப்ளகினின் ஷார்ட்கோடுக்குள் (ப்ளகினைப் பக்கத்தில் கொண்டுவர எழுதும் குறிச்சொல்) ஏதாவது ஒரு மதிப்பின் இடத்தில் ஸ்கிரிப்டை ஒளித்து, கட்டுரையைப் பரிசீலனைக்கு அனுப்புவார். அதைத் திறந்து முன்னோட்டம் பார்க்கும் அட்மின் மாட்டுவார். எண்ணை விட இங்கே பார்க்க வேண்டியது, உங்கள் தளத்தில் உங்களைத் தவிர யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பது. நீங்கள் ஒருவர்தான் என்றால் அவசரம் குறைவு. ஒரு காலத்தில் கட்டுரை எழுதிக் கொடுத்த பையனின் கணக்கு சும்மா கிடக்கிறதா? அவன் பாஸ்வேர்ட் வேறெங்காவது கசிந்திருந்தால் கதவு திறந்த மாதிரிதான். 'யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்' என்ற அமைப்பு, உங்களுக்குத் தேவையில்லை என்றால், அணைந்திருக்கட்டும்.

ஆனால் இங்கே என்னை உறுத்துவது "திருத்தம் இல்லை" என்ற வார்த்தை. வேர்ட்பிரஸ் தளத்தின் ப்ளகின் பட்டியலில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள். 'மூடப்பட்டது' என்று இருக்கலாம், அல்லது கடைசி அப்டேட் வருடக்கணக்கில் பின்னால் இருக்கலாம். ப்ளகின் அங்கே மூடப்பட்டாலும் உங்கள் டேஷ்போர்டு அதைச் சொல்லாது. 'அப்டேட் எதுவும் இல்லை' என்று அமைதியாக இருக்கும். நீங்கள் எல்லாம் நலம் என்று நினைப்பீர்கள். விலைப்பட்டியலை வேர்ட்பிரஸ்ஸிலேயே உள்ள டேபிள் ப்ளாக்கில் போட்டுவிடலாம். இருபது வகை மிட்டாய்க்கு ப்ளகின் எதற்கு?

எடுக்கும்போது டீஆக்டிவேட்டோடு நிறுத்தாமல் டெலீட் செய்யுங்கள். 2015 மே மாதம் ஜெனரிகான்ஸ் என்ற ஐகான் தொகுப்பில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தார்கள். ட்வென்டி ஃபிஃப்டீன் தீமிலும் ஜெட்பேக் ப்ளகினிலும் அந்தத் தொகுப்பு இருந்தது. ஓட்டை எதில் தெரியுமா? ஐகான்களைப் பார்ப்பதற்காகக் கூடவே வைத்திருந்த ஒரு மாதிரிப் பக்கத்தில். தளம் அதைப் பயன்படுத்தவே இல்லை. ஃபோல்டரில் கிடந்தது, அவ்வளவுதான். வேர்ட்பிரஸ் 4.2.2 பதிப்பு வந்துதான் அதைத் தேடி அழித்தது.

தம்பி சொந்தமாகவும் கோடு எழுதுபவர் என்றால் அவருக்கு ஒரு குறிப்பு. நான் பார்த்த ஷார்ட்கோடு ஓட்டைகளில் பாதிக்கு மேல் ஒரே தவறு: சேமிக்கும்போது 'சானிடைஸ் டெக்ஸ்ட் ஃபீல்ட்' போட்டாயிற்றே என்ற நிம்மதி. அது டேக்குகளை உருவும், மேற்கோள்குறியை விட்டுவிடும். அந்த மதிப்பை ஓர் ஆட்ரிபியூட்டுக்குள் அப்படியே அச்சிட்டால், ஒரு மேற்கோள்குறியைப் போட்டு வெளியே வந்து 'ஆன்மவுஸ்ஓவர்' என்று தொடரலாம். ஸ்கிரிப்ட் டேக்கே வேண்டாம். அச்சிடும் இடத்தில், அந்த இடத்துக்கு உரிய எஸ்கேப் ஃபங்ஷனைப் போட வேண்டும்: ஆட்ரிபியூட்டுக்கு ஒன்று, சாதாரண எழுத்துக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று.

இனி தினசரி வேலைக்கு அட்மின் கணக்கைப் பயன்படுத்த வேண்டாம். உங்களுக்கே எடிட்டர் நிலையில் இரண்டாவது கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டர் ப்ரவுசரில் ஸ்கிரிப்ட் ஓடினாலும் புது அட்மினை உருவாக்கவோ, ப்ளகின் ஏற்றவோ அதற்கு அதிகாரம் இல்லை. படிவப் பதிவுகளை எடிட்டரால் பார்க்க முடியாது என்று ப்ளகின் சொன்னால், பதிவுகள் மின்னஞ்சலுக்கே வரும்படி வைத்து அங்கேயே படியுங்கள்.

ப்ளகின்களுக்கு ஆட்டோ அப்டேட் வசதி 5.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. படிவ ப்ளகினுக்கு அதைப் போட்டுவிடுங்கள். அப்புறம் ஹோஸ்டிங் கம்பெனிக்கு இன்றே ஒரு பதில் போடுங்கள்: தளத்தின் ஆக்சஸ் லாக் எத்தனை நாளுக்கு வைத்திருக்கிறீர்கள், இருப்பதை எல்லாம் எடுத்துத் தர முடியுமா என்று. பகிர்ந்த ஹோஸ்டிங்கில் அது சீக்கிரம் அழிந்துவிடும். டேபிளில் சந்தேகமான பதிவு ஏதாவது சிக்கினால், அந்தத் தேதிக்கான லாக்தான் யார், எங்கே போனார் என்று காட்டும்.