கீழூரில் ஓட்டுப் போட்டது யார்?

அன்புள்ள ஐயா,

போன வாரம் கீழூர் நினைவிடத்துக்குப் போயிருந்தேன். 1954-இல் அங்கே 178 பேரில் 170 பேர் புதுச்சேரி இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்களாம். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்புவரை புதுச்சேரியில் ஜெயித்துக்கொண்டிருந்தது பிரெஞ்சு ஆதரவுக் கட்சிதானே? அதன் தலைவர் குபேரை எந்தப் பக்கம் வைப்பது?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 178 பேர் 1954 அக்டோபர் 18-க்காகப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. ஏற்கெனவே பிரதிநிதி சபையிலும் கொம்யூன்களிலும் (பிரெஞ்சு ஆட்சியின் நகராட்சிகள்) உட்கார்ந்திருந்தவர்கள்தான். பெரும்பாலோர் நீங்கள் சொல்லும் அதே கட்சிக்காரர்கள். ஆள் மாறவில்லை, காற்று மாறியது.

1946-இல் வ. சுப்பையாவின் கம்யூனிஸ்டுகளும் வேறு பலரும் தேசிய ஜனநாயக முன்னணி என்று சேர்ந்து தேர்தலில் ஜெயித்தார்கள். அடுத்த வருஷமே லாம்பர் சரவணன், எதுவார் குபேர் வகையறா சோஷலிஸ்ட் கட்சி என்று தனிக்கடை போட்டார்கள். நீங்கள் சொன்ன பிரெஞ்சு ஆதரவுக் கட்சி இதுதான். பெயர்தான் சோஷலிஸ்ட். 1936 ஜூலை 30-இல் மில் வாசலில் 12 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்ற பிரெஞ்சு நிர்வாகத்தோடு இவர்களுக்கு நல்ல சிநேகம்.

இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று மக்கள் வாக்கெடுப்பு நடத்த 1948 ஜூனில் பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. அதை எப்படி நடத்துவது என்பதில் கொம்யூன்களுக்குப் பங்கு உண்டு என்றும் சொன்னது. அப்புறம் சும்மா இருப்பார்களா? கொம்யூன் யார் கையிலோ, ஊரின் சாவியும் அவர் கையில். அந்த அக்டோபர் தேர்தலில் சாவி சோஷலிஸ்டுகளிடம் போனது. 1950-இல் சுப்பையாவின் வீட்டைக் கொளுத்தினார்கள்.

பிறகு ஏன் இந்தியா பக்கம் திரும்பினார் குபேர்? 1949-லேயே இந்தியாவோடு இருந்த சுங்க ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தது. எல்லைக் கெடுபிடி ஏறிக்கொண்டே போனது. கிராமங்களைச் சுற்றி இந்திய நிலம். 1954 மார்ச்சில் நெட்டப்பாக்கம் போய் இடைக்கால அரசு என்று அறிவித்தார். ஏப்ரலில் கம்யூனிஸ்டுகள் திருபுவனையைப் பிடித்தார்கள். ஒரே மேடையில் உட்காராமலே ஒரே பக்கம். எனக்குத் தெரிந்து இதைவிட வினோதமான கூட்டணி இங்கே அமைந்ததில்லை.

குபேரைத் துரோகி என்றும் சொல்லமாட்டேன், தியாகி என்றால் சிரிப்பேன். கணக்குப் பார்த்தவர், கடைசிக் கணக்கு சரியாக வந்தது. 1963-இல் அவரே முதலமைச்சர். இப்போது கடற்கரைச் சாலையும் பெரிய மார்க்கெட்டும் அவர் பெயரில். ரயில்வே ஸ்டேஷன் இருக்கும் தெற்கு புல்வார் சுப்பையா பெயரில். வீடு கொளுத்தப்பட்டவரின் பெயரில் உள்ள தெருவிலிருந்து குபேர் பீச்சுக்கு நடந்தே போய்விடலாம், வந்தால் சொல்லுங்கள்.