ஜம்போ கவிழ்ந்த கதை

கேள்வி: ஹாங்காங்கின் ஜம்போ மிதக்கும் உணவகம் 2022-இல் கடலில் கவிழ்ந்ததே, எல்லோரும் ஆசையாகப் பார்த்த ஒன்றை ஏன் யாரும் காப்பாற்றவில்லை?

பதில்: பார்த்தவர்கள் நிறையப் பேர்தான், காசு போட வந்தவர்கள்தான் யாருமில்லை. 1976-இல் திறந்த இடம் அது, சீன அரண்மனை மாதிரி ஜோடனை, இருட்டினால் அபர்டீன் துறைமுகத் தண்ணீரெல்லாம் அதன் விளக்குதான். ஆனால் கடைசிச் சில வருஷங்களாக ஒரே நஷ்டம், 2020-இல் கொரோனா வந்ததும் மூடிவிட்டார்கள். இலவசமாகவே தருகிறோம் என்றார்கள், அப்போதும் எடுத்து நடத்த ஆள் வரவில்லை, ஏனென்றால் சும்மா கிடந்தாலும் வருஷா வருஷம் பராமரிப்புக்கு லட்சக்கணக்கான டாலர் கொட்ட வேண்டும். அரசும் பணம் போட மாட்டோம் என்று கைவிரித்தது. 2022-இல் மே முடிந்து ஜூன் பிறக்கும் நேரத்தில் பக்கத்திலேயே கட்டியிருந்த சமையல் படகு சாய்ந்து பாதி மூழ்கியது (அப்போதே உறைத்திருக்க வேண்டாமா?). ஜூன் 14 அன்று ஜம்போவை இழுவைப் படகில் கட்டி இழுத்துப் போனார்கள், ஒரு வாரம்கூட ஆகவில்லை, தென் சீனக் கடலில் பாராசெல் தீவுகள் பக்கம் தண்ணீர் புகுந்து கவிழ்ந்தது. ஆழம் 1,000 மீட்டருக்கு மேல். துறைமுகத்துக்குள் நின்று விருந்து வைத்துப் பழகியதை நடுக்கடலுக்கு இழுத்தால் வேறென்ன ஆகும்?

கேள்வி: சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருந்தால் தப்பியிருக்குமா?

பதில்: அறிவிப்பு வந்து பெயின்ட் அடிக்குமா என்ன? இங்கிலாந்தில் பிரைட்டன் ஊரின் வெஸ்ட் பியரை எடுத்துக்கொள்ளுங்கள், கடலுக்குள் நீளும் உலாப் பாலம், 1866-இல் திறந்தது, யூஜீனியஸ் பிர்ச் வடிவமைத்தது. செலவு தாங்காமல் 1975-இல் பூட்டினார்கள். 1982-இல் அங்கே இருப்பதிலேயே உயர்ந்த பாதுகாப்புத் தகுதி கிடைத்தது, சரி, அதற்காக உப்புக்காற்று துருப்பிடிக்க வைக்காமல் விடுமா? நிதி, திட்டம், பேச்சுவார்த்தை என்று 20 வருஷம் ஓடிற்று. 2002 டிசம்பரில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, 2003-இல் மார்ச்சில் ஒரு தீ, மே மாதம் இன்னொன்று.

கேள்வி: அங்கே இப்போது என்ன இருக்கிறது?

பதில்: கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் ஓர் இரும்புக்கூடு, அவ்வளவுதான். குளிர்கால மாலைகளில் ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங் பறவைகள் புகை மாதிரி அதன் மேல் சுழன்று சுழன்று பறக்கும், அதைப் படமெடுக்க இன்றும் கரையில் கூட்டம் நிற்கிறது.