ஆறுபடை வீட்டு பாஸ்வேர்டு

அன்புள்ள சார்,

சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் செக்யூரிட்டி ஆர்க்கிடெக்டாக இருக்கிறேன். புது மென்பொருள் எது வந்தாலும், எந்த இரண்டு சிஸ்டங்களை இணைத்தாலும், அதற்கு என்ன பாதுகாப்பு வேண்டும் என்று முடிவுசெய்வது என் வேலை. ஆனால் எல்லாம் கட்டி முடித்து, நாளை லைவ் என்னும்போதுதான் அதன் வடிவமைப்பு வரைபடம் என்னிடம் கையெழுத்துக்கு வரும். மறுத்தால் முட்டுக்கட்டை போடுகிறவன் என்று பெயர். இவ்வளவு செலவழித்துக் கட்டியதையும் கடைசியில் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ஒட்டும் ஓர் ஊழியர் பாழாக்கிவிடுகிறார். எத்தனை பூட்டு போட்டாலும் மனிதன்தான் ஓட்டை என்று பயிற்சி வகுப்பில் சொன்னது சரிதான். சிஐஎஸ்எஸ்பி என்ற கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ் தேர்வை முடித்துவிட்டேன். அடுத்து சாப்சா என்ற செக்யூரிட்டி ஆர்க்கிடெக்ட் சான்றிதழ் தேர்வை எழுதலாமா, மேனேஜ்மென்ட் பக்கம் போய்விடலாமா? ஏஐ வந்தபின் இந்த வேலை இருக்குமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஏஐ பற்றி என்னைக் கேட்காதீர்கள், ஆளாளுக்கு ஜோசியம் சொல்கிறார்கள். சாப்சாவுக்குக் கம்பெனி பணம் கட்டினால் எழுதுங்கள். வரைபடம் கடைசி நாளில் வருவது எல்லாக் கம்பெனியிலும் உள்ளதுதான், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது, மனிதன்தான் ஓட்டை என்ற அந்த ஒரு வரிக்காக. போன மாதம் மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளையில், ஏடிஎம் கார்டின் உறையில் பின் நம்பரை எழுதி வைத்திருந்த ஒரு பெரியவரை, கவுன்டரில் இருந்த பையன் எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டான். அவர் தலையைக் குனிந்துகொண்டு உறையைச் சட்டைப்பையில் திணித்தார். அன்றிலிருந்தே இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பையனுடைய வரியைத்தான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சில வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம்களைப் பதிவுசெய்யும் வேலை. எங்கள் வரிசைக்கு டீம் லீடர் ஓர் அக்கா. திண்டிவனத்திலிருந்தும் செய்யாறிலிருந்தும் டிகிரி முடித்த கையோடு பெண்கள் வந்து சேர்வார்கள். பயிற்சி முடிந்த மறுநாளே டார்கெட் ஓடத் தொடங்கிவிடும், லாகின் மட்டும் வராது. எச்ஆரிலிருந்து மெயில் போக வேண்டும், மேனேஜர் ஒப்புதல் தர வேண்டும், அப்புறம் அமெரிக்காவில் கிளையண்ட் தரப்பில் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும், அவர் லீவில் இருப்பார். இரண்டு வாரம், மூன்று வாரம் இழுக்கும். அதுவரை அந்தப் பெண் சும்மா உட்கார்ந்தால் வரிசைக்கே இன்சென்டிவ் போய்விடும். அக்கா தன் லாகினைக் கொடுத்துவிடுவார். ஒரே பெயரில் நாலு பேர் வேலை செய்வார்கள்.

பாஸ்வேர்டை முப்பது நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கடைசி ஐந்தைத் திரும்பப் போடக் கூடாது என்பது விதி. அக்கா முருக பக்தை. திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி, சுவாமிமலை, திருத்தணி, பழமுதிர்ச்சோலை என்று வரிசையாகப் போவார். ஒவ்வொன்றின் வாலிலும் ஓர் அட் குறி, ஓர் எண். சிஸ்டம் ஐந்தைத்தான் நினைவில் வைக்கும், முருகனுக்கோ ஆறு வீடு. ஏழாவது மாதம் மறுபடி திருப்பரங்குன்றம். "அக்கா, இப்போ எந்த ஊர்?" என்று புதுப்பெண் கேட்பாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "சுவாமிமலை" என்பார். சீட்டு எழுதி ஒட்டும் வேலையே இல்லை. ஆடிட்டில் நாங்கள் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. முப்பது நாளுக்கு ஒருமுறை மாறுகிறதா? மாறுகிறது. எண், குறி, பெரிய எழுத்து இருக்கிறதா? இருக்கிறது.

இப்படிக் கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், கசிந்ததற்கு அடையாளம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்று அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2017-லேயே எழுதிவிட்டது. உங்கள் இடத்தில் இன்னும் எத்தனை நாள் கெடு?

அந்த அக்காவையா ஓட்டை என்கிறீர்கள்? மூன்று வாரத் தாமதத்தை அவர் தலையில் கட்டியது யார்? அந்த ஒப்புதல் வரிசையை வரைந்தவரும் உங்களைப் போல ஓர் ஆர்க்கிடெக்ட்தான். மூன்று பெட்டி, மூன்று அம்புக்குறி, பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். ஒரு அம்புக்குறியைக் கடக்க எத்தனை நாள் ஆகும் என்று அதன் மேல் எழுதும் வழக்கம் மட்டும் உங்கள் தொழிலில் கிடையாது. எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும்போதே தெரிந்திருக்கும், அந்த மூன்று வாரத்துக்குள் யாரோ ஒருவர் தன் லாகினைக் கடன் கொடுக்கத்தான் போகிறார் என்று. சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி விஞ்ஞானிகள் 1975-ல் பாதுகாப்பு வடிவமைப்புக்கு எட்டு விதிகள் எழுதினார்கள். தேவைக்கு மேல் யாருக்கும் அனுமதி தராதே என்பதை எல்லாரும் மனப்பாடமாக ஒப்பிக்கிறீர்கள். எட்டாவதை யாரும் வாய் திறந்து சொல்லிக் கேட்டதில்லை: சரியான வழி மனிதருக்குச் சுலபமான வழியாகவும் இருக்க வேண்டும்.

உள்ளே வருவதற்குத்தான் இந்தப் பாடு, வெளியே போவதை யாரும் கண்டுகொள்வதில்லை. கான்ட்ராக்ட் முடிந்தவரை ஏற்றிப்போகும் ஆபீஸ் கேப் அன்று மாலையே நின்றுவிடும், ஏனென்றால் கேப்புக்குக் காசு. லாகின் அப்படியே கிடக்கும். 2021 மே மாதம் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் பைப்லைன் சில நாள் நின்றுபோனதே, அதன் கணினிகளுக்குள் ஹேக்கர்கள் நுழைந்தது, வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் வர உதவும் விபிஎன்னில், புழக்கத்தில் இல்லாத ஒரு பழைய கணக்கு வழியாக. பாஸ்வேர்டு மட்டும் போதும், அதற்கு மேல் ஓடிபி போல எந்தச் சோதனையும் அதில் இல்லை. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், அந்த ஹேக்கர்களுக்குக் கம்பெனி பணயத்தொகையாகக் கொடுத்தது. பாஸ்வேர்டு கசிந்தது யாரோ ஒருவரின் கவனக்குறைவாகவே இருக்கட்டும். அந்தக் கணக்கை மூட வேண்டியது யார் வேலை?

கடுமையாக எழுதிவிட்டேன் என்று வருத்தப்படாதீர்கள், தம்பி. உங்கள் அலுப்பு எனக்குத் தெரியாததல்ல. ஒன்றும் நடக்காத வருடத்தில் உங்கள் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், நடந்துவிட்டால் உங்களைத் தவிர வேறு பெயரைச் சொல்ல மாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல் போக வேண்டும் என்று 2022-லிருந்து விதி வேறு. அந்த நேரத்தில் எல்லாரும் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான், இந்த லாகினில் இருந்தது யார்? அதில் நாலு பேர் இருந்தால் என்ன சொல்வீர்கள்?

மேனேஜ்மென்டுக்குப் போவதை அப்புறம் யோசிக்கலாம். அடுத்த திங்கட்கிழமை கான்ட்ராக்டில் சேரும் யாராவது ஒருவர் கூடவே இருங்கள். வாசலில் அட்டை வாங்கியதிலிருந்து சொந்த லாகினில் முதல் வேலையை முடிக்கும்வரை எத்தனை நாள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். போன வருடம் போனவர்களின் பட்டியலை லாகின் பட்டியலோடு ஒப்பிட்டும் பாருங்கள். அந்தப் பட்டியலை எச்ஆரிடம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், கேப் கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். அவரிடம்தான் சரியாக இருக்கும்.